மாமாவின் கையெழுத்து

அன்புள்ள குமார்,

நலம்தானே? முட்டி வலி குறைந்ததா? இரண்டு வருடமாக உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. கோபமாகத்தான் இருப்பாய், திட்டுவதைப் போனில் திட்டிக்கொள். இது எழுதியே ஆகவேண்டிய விஷயம்.

அம்மா போனதிலிருந்து மூடியே கிடந்த தகரப் பெட்டியைப் போன வாரம் திறந்தேன். அடியில் அப்பாவின் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சான்றிதழ், 1957. மடிப்பு கிழிந்த இடத்தில் ஒட்டிய டேப் பழுப்பேறி உதிர்கிறது. அதற்குள்ளே கோடு போட்ட தாள் ஒன்று. விசுவாசப் பிரமாணத்தைப் பெரிய எழுத்தில் எழுதி, மூச்சு விடவேண்டிய இடத்திலெல்லாம் சிவப்பு மையால் கோடு இழுத்திருக்கிறது. ழகரத்துக்கு அந்த நீளமான வால்! பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, உன் அப்பா கையெழுத்து.

உங்கள் வீட்டு முன்னால் அஞ்சடி நடைபாதையில் சாயந்தரமானால் ஆட்கள் குந்தியிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? நாம் இரண்டு பேரும் அவர்கள் செருப்பை ஒளித்து வைத்து அடி வாங்கினோம். மாமா எழுதிக் கொடுத்தது கடிதம் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். குடியுரிமைக்கு ஃபாரம் நிரப்பிக் கொடுத்திருக்கிறார், குமார். எட்டு வருடம் இங்கே இருந்து, விசுவாசமாக இருப்பேன் என்று பிரமாணம் எடுத்தால் வெளியே பிறந்தவருக்கும் குடியுரிமை என்று அந்த வருடம் சட்டம் வந்தது. சும்மா வரவில்லை. சீன வர்த்தகச் சங்கம் வருடக்கணக்காக அதற்காகப் போராடியது. நம்மவர்களைப் பதியச் சொல்லித் தமிழ் முரசு பத்திரிகையில் ஓயாமல் எழுதியவர் அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி. எங்கப்பா 1947ல் ரஜூலா கப்பலில் வந்த துறைமுகக் கூலி. 1959 தேர்தலில் ஓட்டுப் போட்டார். அந்தச் சான்றிதழ் இல்லையென்றால் எனக்கு இந்த வீடு ஏது?

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், கஃப் ரோட்டில் 2008ல் ஆரம்பித்த இலவசச் சாப்பாட்டைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, அடிபட்டும் சம்பளம் வராமலும் நிற்கிற தொழிலாளிகளுக்காக டிடபிள்யூசி2 என்ற வெளிநாட்டுத் தொழிலாளர் உதவி அமைப்பு நடத்துவது. அங்கே வருகிறவர்களோடு பேச்சுத்துணைக்கு இருப்பேன். மன்னார்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவன், வலது கையில் இரண்டு விரல் நசுங்கிவிட்டது. தோசையை இடது கையால் பிய்க்கிறான், பாதி இலைக்கு வெளியே போகிறது. ஸ்பெஷல் பாஸில் இருக்கிறான். நஷ்டஈட்டு வழக்கு முடியும்வரை இருக்கலாம், வேலைக்குப் போகக் கூடாது. முதலாளி போனையே எடுப்பதில்லையாம்.

"ஐயா, பதிமூணு வருசம் இருந்திருக்கேன். அதுக்கு ஏதாவது கணக்கு உண்டா?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். வேறென்ன சொல்வது? ஒர்க் பர்மிட்காரர் பிஆருக்கு, அதாவது நிரந்தரவாசத்துக்கு, மனுப் போடவே முடியாது. இந்த ஊர்க்காரியைக் கட்டுவதானாலும் மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். 2025 ஜூலையிலிருந்து இத்தனை வருடம்தான் என்ற வரம்பையும் எடுத்துவிட்டார்கள், 63 வயதுவரை உழைக்கலாம். நல்லதுதான். ஆனால் எத்தனை வருடம் உழைத்தாலும் அது குடியுரிமைக் கணக்கில் சேராது. அப்பாவுக்கு எட்டு வருடம் போதுமானதாக இருந்ததே! ராத்திரி படுத்தால் அவன் கேட்டதுதான் காதில் விழுகிறது.

சின்ன ஊர், எல்லோருக்கும் இடம் ஏது என்பாய். அதை நானும் மறுக்கவில்லை. அதற்காகக் கேட்காமல் இருக்க முடியுமா? 2001ல் ஓர் இந்தோனேசியப் பணிப்பெண் அடித்துக் கொல்லப்பட்டாள். அந்தக் கொதிப்பில்தான் 2003ல் சிலர் கூடினார்கள், டிடபிள்யூசி2 தொடங்கியது அப்படித்தான். பணிப்பெண்களுக்கு வாரம் ஒருநாள் லீவு கேட்டே பத்து வருடம் போனது. 2013ல் சட்டமானபோதும் லீவுக்குப் பதிலாகக் காசு கொடுக்கலாம் என்று இருந்தது. மாதத்தில் ஒரு நாளையாவது காசாக்கக் கூடாது என்று வந்தது 2023ல்தான். இருபது வருடம், குமார்! அந்தப் பெண்களுக்கு இங்கே ஓட்டு இல்லை. வேறு யாரோதான் அவர்களுக்காகக் கேட்டார்கள், மாமா அஞ்சடியில் உட்கார்ந்து எழுதின மாதிரி.

சரி, ஒரு வேலை சொல்கிறேன், செய். மாமா யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார் என்று ஒரு நோட்டு வைத்திருந்ததாக உன் தங்கை ஒருமுறை சொன்னாள். இன்னும் அவளிடம் இருக்கிறதா என்று கேள். இருந்தால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்பு. தாமதிக்காதே.

வியாழக்கிழமை அந்தத் தம்பிக்கு ஆஸ்பத்திரியில் கையைப் பார்க்கிறார்கள். துணைக்கு நான் போகிறேன். என்ன சொன்னார்கள் என்று அன்று ராத்திரியே எழுதுகிறேன்.

அன்புடன்,
முத்து