அப்பாவுக்கு, எங்க தெரு டைனர் பத்தி

அப்பா,

எல்லாரும் நல்லா இருக்கீங்களா. இங்க நியூ ஜெர்சில குளிர் ஆரம்பிச்சிடுச்சு, மத்தபடி ஒரு குறையும் இல்ல. அம்மா போன் பண்ணா "எங்க சாப்பிடுற"ன்னு தான் முதல்ல கேக்குறாங்க, அது ரெண்டு நிமிஷத்துல சொல்ற விஷயம் இல்ல, அதான் உக்காந்து எழுதுறேன்.

வீட்டுலேர்ந்து நடக்குற தூரத்துல ஒரு டைனர் இருக்கு. பெரிய ஹோட்டல்லாம் இல்ல, நம்ம டிபன் கடை வகை தான், ஆனா காலைல இது நைட்டு அதுன்னு டைம் கணக்கே கிடையாது, ராத்திரி பதினொரு மணிக்கு பான்கேக் கேட்டாலும் முகம் சுளிக்காம போட்டு தருவாங்க. நீளமா, குறுகலா, வெளில பூரா ஸ்டீல் தகடு. பழைய ரயில் பெட்டின்னு தான் நிறைய பேர் நினைக்கிறாங்க, அது இல்லப்பா, அந்த காலத்துல ஃபேக்டரிலயே முழு கடையையும் கட்டி அடுப்பு ஸ்டூல் வரைக்கும் மாட்டி அப்படியே ஏத்தி அனுப்புவாங்களாம், வழியில கொண்டு போகணுமே, அதான் அந்த ஒல்லி உடம்பு. அந்த ஃபேக்டரிங்க நிறைய இந்த ஸ்டேட்லயே இருந்துச்சு, இங்க இவ்ளோ டைனர் இருக்க அதுவும் ஒரு காரணம்.

உங்களுக்கு பிடிக்கிற விஷயம் ஒண்ணு சொல்றேன். இந்த டைனர்ங்கிற வகையே ஆரம்பிச்சது பிரஸ்ல நைட் ஷிஃப்ட் பாக்குறவங்களுக்காக தான். 1872ல ப்ராவிடன்ஸ்ங்கிற ஊர்ல வால்டர் ஸ்காட்னு ஒருத்தர், அவரே பிரஸ்ல வேலை பாத்தவர், ராத்திரில ஹோட்டல் எல்லாம் மூடினப்புறம் பேப்பர்காரங்க பசியோட நிக்கிறாங்கன்னு குதிரை வண்டில சாண்ட்விச்சும் காபியும் கொண்டு வந்து வித்திருக்காரு. படிச்ச உடனே உங்க ஞாபகம் தான் வந்துச்சு. மவுண்ட் ரோடுல பேப்பர் அச்சாகி முடிஞ்சு கையேந்தி பவன்ல இட்லி வடகறி சாப்பிட்டு வருவீங்களே, அந்த மாதிரி ஆளுங்களுக்காகவே பொறந்த கடைப்பா இது.

நான் எப்பவும் கவுண்டர்ல தான் உக்காருவேன். மத்த ரெஸ்டாரண்ட்ல தனியா போனா "ஒருத்தர் தானா"ன்னு கேட்டுட்டு நாலு பேர் டேபிள்ல உக்கார வைப்பாங்க, எதிர்ல காலி சேர பாத்துக்கிட்டே சாப்பிடணும், வந்த புதுசுல அது தான் எனக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு. கவுண்டர்ல அப்படி இல்ல. சுத்துற ஸ்டூல், ரெக்சின் கிழிஞ்ச இடத்துல டேப் ஒட்டிருக்கும், ஒரு பக்கம் ட்யூட்டி முடிச்ச நர்ஸ், இன்னொரு பக்கம் ட்ரக் டிரைவர், எதிர்ல கல்லு. மாஸ்டர் ஒரு கையால முட்டைய உடைச்சு ஊத்திக்கிட்டே இன்னொரு கையால உருளைக்கிழங்க ஓரமா தள்ளுவாரு, அது அடில முறுகட்டும்னு தொடாம விட்டுட்டு அடுத்த ஆர்டர பாப்பாரு, நான் போன எடுக்குறதே இல்ல. காபி தண்ணியா தான் இருக்கும், நம்ம டிகாஷன் இங்க எதிர்பாக்க முடியாது, ஆனா கப்பு பாதி ஆகுறதுக்குள்ள பரிமாறுற அம்மா வந்து ஊத்திட்டு போயிடுவாங்க, ரத்னா கஃபேல இட்லி மேல சாம்பார் ஊத்திக்கிட்டே இருப்பாங்கல்ல, அதே தாராளம். ஓனர் கிரேக்கர், இங்க நிறைய டைனர் அவங்க ஆளுங்க நடத்துறது தான். ரைஸ் புட்டிங்னு ஒண்ணு தருவாங்க, பால்ல வெந்த அரிசி, ஜில்லுன்னு, மேல பட்டைப்பொடி தூவி, எனக்கு ரொம்ப பிடிச்சுப் போச்சு.

கோவிட்டுக்கு அப்புறம் நிறைய டைனர் ராத்திரி பூரா திறக்குறத விட்டுட்டாங்க, சிலது மூடியும் போச்சு. 2008ல மெட்ராஸ்ல உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஹோட்டல் மூடினப்ப நீங்க ரெண்டு நாள் சரியா பேசவே இல்லன்னு அம்மா இன்னும் சொல்வாங்க, அந்த இடத்துல வந்த செம்மொழிப் பூங்கா எவ்ளோ அழகா இருந்தாலும் அங்க காபி கிடைக்காதேம்பீங்க. அந்த வருத்தம் எனக்கு இப்ப தான் புரியுது. அதனாலயே வாரத்துல ஒரு நாளாவது இங்க போயிடுறேன், டிப்ஸும் குறைக்குறது இல்ல.

நீங்க ரெண்டு பேரும் வரும்போது கூட்டிட்டு போறேன். அம்மாவுக்கு என்ன சாப்பிட கிடைக்கும்னு இப்பவே கேட்டு வச்சிட்டேன். கல்லுல பேக்கனும், அதாவது பன்னிக்கறியும், போடுறதால உருளைக்கிழங்கு அவங்களுக்கு ஆகாதே, மாஸ்டர் கிட்ட சொன்னேன், தனி பேன்ல போட்டு தரேன்னுட்டாரு.

உங்க மகன்