குண்டு வெடித்த மறுநாள் வாக்களிக்கப் போகிறவர்களுக்கு

மதிப்புக்குரிய அவை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நாடு அமைதியாக இருக்கும்போதே இதை எழுதிவிடுகிறேன். குண்டு வெடித்த பிறகு எழுதினால் படிக்க உங்களுக்கு நேரம் இருக்காது. எழுத எனக்கும் துணிச்சல் இருக்காது. அன்று உங்கள் மேசைக்கு ஒரு தீர்மானம் வரும். படையை அனுப்ப அனுமதி கேட்கும். நாலைந்து வரிதான் இருக்கும். அது அவ்வளவு சுருக்கமாக இருப்பதுதான் என் கவலை.

2001 செப்டம்பரில் நியூயார்க் இரட்டைக் கோபுரங்களைக் கடத்தப்பட்ட விமானங்கள் தாக்கிய பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய படை அனுப்பும் தீர்மானத்தின் உயிர்ப்பகுதி ஆங்கிலத்தில் வெறும் 60 சொற்கள். எந்த நாட்டில் என்று அதில் இல்லை. எதுவரை என்றும் இல்லை. பிரதிநிதிகள் சபையில் ஆதரவு 420, எதிர்ப்பு 1. அந்த ஒற்றை ஓட்டைப் போட்ட பார்பரா லீக்குக் கொலைமிரட்டல்கள் வந்தன. அந்த 60 சொற்களைக் காட்டியே பிற்பாடு ஏமனிலும் சோமாலியாவிலும் குண்டுகள் விழுந்தன. ஆப்கானிஸ்தானில் 20 ஆண்டுகள் போர் நடந்தது. 2021 ஆகஸ்டில் காபூலில் மறுபடி தாலிபான்.

இதே நியூயார்க் கோபுரங்களில் 1993 பிப்ரவரியிலும் குண்டு வெடித்தது. 6 பேர் இறந்தார்கள். அப்போது போர் அறிவிக்கவில்லை, இடிபாட்டைக் கிளறினார்கள். உருக்குலைந்த ஓர் இரும்புத் துண்டில், குண்டை ஏற்றி வந்த வேனின் அடையாள எண் கிடைத்தது. வாடகை வண்டி. எடுத்துப்போன ஆளோ, வண்டி திருட்டுப் போய்விட்டது, கட்டிய 400 டாலர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கடைக்கே வந்து நின்றான். அங்கேயே பிடித்தார்கள். சதியின் மூளையான ரம்சி யூசுப் 1995-இல் இஸ்லாமாபாத்தில் சிக்கினான். 1998-இல் 240 ஆண்டுச் சிறை. கதை முடிந்தது.

அவனுடைய மாமன் கதை முடியவில்லை. 2001 தாக்குதலைத் திட்டமிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்ட காலித் ஷேக் முகம்மது 2003 மார்ச்சில் பிடிபட்டான். அவனை நீதிபதியிடம் கொண்டுபோகவில்லை. அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ-வின் ரகசியச் சிறைக்குக் கொண்டுபோனார்கள். அந்த ஒரே மாதத்தில் 183 முறை மூச்சு முட்ட முகத்தில் தண்ணீர் ஊற்றியதாக அரசின் சொந்த ஆவணமே சொல்கிறது. பிறகு கியூபாவில் உள்ள அமெரிக்க ராணுவச் சிறையான குவாண்டனாமோ. வதைத்துப் பெற்ற வாக்குமூலம் செல்லுமா என்று ஆண்டுக்கணக்கில் வாதாடினார்கள். பிடித்து 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் முழு விசாரணை தொடங்கவில்லை. ஏறக்குறைய 3,000 பேரை இழந்த குடும்பங்களுக்கு ஒரு தீர்ப்பு கிடைக்கவில்லை. மருமகனுக்கு மூன்றே ஆண்டில் முடிந்தது மாமனுக்கு இழுத்துக்கொண்டே போகிறது. நடுவில் மாறியது வழிமுறை மட்டும்தான்.

நீங்கள் கேட்கப் போவது தெரியும்: 1993-இல் வழக்குப் போட்டதால்தானே 2001 வந்தது? நியாயமான கேள்வி. ஆனால் விமானங்களைக் கடத்தியவர்களில் இருவரைப் பற்றி சிஐஏ-வுக்கு முன்பே தெரியும். உள்நாட்டில் குற்றங்களைப் புலனாயும் எஃப்பிஐ-க்கு உரிய நேரத்தில் சொல்லவில்லை. அங்கே இல்லாமல் போனது பீரங்கியல்ல. ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டிய தகவல்.

உயிரோடு பிடிபட்ட ஒருவன் எவ்வளவு மதிப்புள்ளவன் என்பதை 2008 மும்பைத் தாக்குதலில் பார்த்தோம். உதவி சப்-இன்ஸ்பெக்டர் துக்காராம் ஓம்ப்ளே துப்பாக்கிக் குழலைக் கையால் பற்றிக்கொண்டு உயிரை விட்டதால்தான் தாக்கியவர்களில் ஒருவனான கசாப் பிடிபட்டான். சதி எங்கே தீட்டப்பட்டது என்பதற்கு நீதிமன்றத்தில் ஓர் உயிருள்ள சாட்சி கிடைத்தது.

போலீஸ் என்றால் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் 1974-இல் நடந்த குண்டுவெடிப்பில் தவறாகத் தண்டிக்கப்பட்ட ஆறு பேர் 16 ஆண்டுகள் உள்ளே கிடந்து 1991-இல்தான் வெளியே வந்தார்கள். அந்த 16 ஆண்டுகளை யாராலும் திருப்பித் தர முடியாது. ஆனாலும் வெளியே வந்தார்கள். ட்ரோன் தாக்கியது தவறான வீடு என்றால் மேல்முறையீடு செய்ய ஆளே இருக்காது.

படை தேவைப்படும் நேரமும் உண்டு. 2014-இல் ஈராக்கின் மோசுல் நகரையே ஐஎஸ் பயங்கரவாத அமைப்பு கைப்பற்றியபோது அங்கே வழக்குப் பதிய ஒரு காவல் நிலையம் இருக்கவில்லை. நிலத்தைப் பிடித்து ஆள்கிறவனிடமிருந்து அதை மீட்டெடுக்கப் படைதான் போக வேண்டும். மாடியறையில் உட்கார்ந்து உரத்தையும் டீசலையும் கலந்து குண்டு செய்கிறவனுக்கு அது தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் நம்பிச் சொல்லக்கூடிய ஒரு காவலர் போதும். அந்தத் தெருவில் ராணுவ வண்டி நின்றால் பக்கத்து வீட்டுக்காரர் வாயைத் திறக்க மாட்டார்.

ஆகவே அந்தத் தீர்மானம் வரும்போது, எந்த இடத்தில், யார்மீது, எந்தத் தேதிவரை என்று எழுதச் சொல்லுங்கள். நீட்டிக்க வேண்டுமானால் அரசு மறுபடி உங்கள் முன் வந்து காரணம் சொல்லட்டும். பிடிபட்டவரை எத்தனை நாளுக்குள் நீதிபதி முன் நிறுத்துவார்கள் என்பதையும் அதிலேயே சேருங்கள். தடயம் தேடுகிறவர்கள் வேலையை முடிக்கும்வரை வெடித்த இடத்துக்குத் தலைவர்கள் கேமராக்களோடு வரிசையாக வருவதையும் நிறுத்தி வையுங்கள். அதற்குச் சட்டம்கூட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
வாக்காளர் ஒருவர்