கடற்கரைப் படங்களுக்கு நேரமும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடலரிப்பு குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரையில், இரண்டு செயற்கைக்கோள் படங்களை அருகருகே அச்சிட்டு, நீர்விளிம்பு உள்ளே வந்திருப்பதையே அரிப்புக்குச் சான்றாகக் காட்டியிருந்தீர்கள். அவை எந்த நேரத்தில் எடுக்கப்பட்டவை, அப்போது கடல் ஏற்றத்தில் இருந்ததா வற்றத்தில் இருந்ததா என்ற குறிப்பு எங்கும் இல்லை. ஐம்பது மீட்டருக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் சரியும் கரையில், நீர்மட்டம் ஒரு மீட்டர் உயர்ந்தாலே நீர்விளிம்பு 50 மீட்டர் உள்ளே வந்துவிடும். அதற்கு ஒரு பிடி மணல்கூடக் கரைந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு கணத்தில் எடுத்த படத்தை நம்பக்கூடாது என்பது இத்துறையில் பழைய பாடம். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கடற்கரை ஆய்வாளர் ராப் ஹோல்மனும் அவருடைய சகாக்களும் 1980-களிலேயே, உயரத்தில் அசையாமல் பொருத்திய கேமராவில் பத்து நிமிடம் பதிவான காட்சிகளைச் சராசரியாக்கி ஒரே படமாக மாற்றினார்கள். அத்தகைய படத்தை முதலில் பார்த்தபோது லென்ஸில் ஈரம் படிந்துவிட்டது என்றே நினைத்தேன். தனித்தனி அலைகளும் மணலில் நடந்தவர்களும் அதில் மறைந்துபோயிருக்க, கரைக்கு இணையாக வெண்ணிறப் பட்டை ஒன்று மட்டும் தெரிந்தது. அலைகள் திரும்பத் திரும்ப உடையும் இடம் அது. அதன் அடியில்தான் மணல்திட்டு இருக்கிறது. பட்டையின் நடுவே கருமையான இடைவெளி தென்பட்டால், அங்கே ஆழம் கூடுதல். குளிப்பவர்களைக் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் பெரும்பாலும் அவ்வழியாகவே போகிறது.

ஆழம் குறையக் குறைய அலையின் வேகமும் குறைவதால், கேமராப் பதிவிலிருந்தே ஆழத்தைக் கணக்கிடவும் முடிகிறது: ஐந்து மீட்டர் ஆழத்தில் நொடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர் செல்லும் நீண்ட அலை, இரண்டு மீட்டர் ஆழத்தில் 4.4 மீட்டர்தான் செல்லும். இரவிலும் மூடுபனியிலும் இம்முறை பயன்படாது; அலை உடையும் இடத்தில் கணக்கு பிசகுவதும் உண்டு.

செயற்கைக்கோளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. நீண்ட கடற்கரைகளைப் பல்லாண்டுகளுக்குத் தொடர்ந்து பார்க்க அதைவிட்டால் வேறு வழியில்லை. ஆயினும் சென்டினல்-2 என்ற செயற்கைக்கோளின் படத்தில் ஒரு படப்புள்ளியே (பிக்சல்) தரையில் 10 மீட்டர் என்பதால், ஆய்வாளர்கள் பல படங்களைச் சேர்த்து, ஒவ்வொன்றிலும் ஓதத்தால், அதாவது கடலின் ஏற்ற வற்றத்தால், வரும் வேறுபாட்டைத் திருத்திய பிறகே போக்கைச் சொல்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2017-இல் தொடங்கிய கோஸ்ட்ஸ்நாப் திட்டத்தில், நிலையான தாங்கியில் கைப்பேசியை வைத்துப் பொதுமக்கள் எடுக்கும் படம்கூட, எடுத்த நேரம் தெரிந்திருப்பதால்தான் ஆய்வுக்குப் பயன்படுகிறது.

எனவே, இனிக் கடற்கரைப் படங்களை ஒப்பிட்டு வெளியிடும்போது, ஒவ்வொன்றின் கீழும் நாள், நேரம், ஓத நிலை ஆகிய மூன்றையும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்