செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: வீட்டுப் பட்டறையில் சைக்கிள் பிரேம் கட்டும் பணி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஆண்டுப் பொதுக்குழுவிற்கு வருகை தந்துள்ள உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024–25ஆம் ஆண்டில் நமது சங்கம் ஆற்றிய பணிகளைப் பற்றிய அறிக்கையை இப்பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். எனவே இவ்வறிக்கை பட்டறைப் பணிகளைப் பற்றியது மட்டுமே.

புதிதாகச் சேர வருவோர் கேட்கும் முதல் கேள்வி, பற்றவைக்கும் கேஸ் செட் எங்கே வாங்கலாம், குழாய்களைக் கோணாமல் பிடித்துவைக்கும் பிரேம் ஜிக் என்ன விலை என்பதாகவே இருக்கிறது. ஒரு பிரேமின் தரம் தீ மூட்டுவதற்கு முன்பே, குழாயின் வாயை அரத்தால் ராவிப் பொருத்தும்போதே, பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது என்று செயற்குழு கருதியதால், இவ்வாண்டின் பயிற்சிகளில் முதல் பாதி முழுவதையும் அறுத்தல், ராவுதல், அளத்தல் ஆகிய மூன்றுக்கே ஒதுக்கினோம். சிலருக்கு இதில் மனக்குறை இருந்தது என்பதை அறிவேன். ஆயினும் அம்முடிவு சரியானதே என்று இன்றும் உறுதியாக நம்புகிறேன்.

குழாய் வாயை மைட்டர் வெட்டும், அதாவது மற்றொரு குழாயின் வளைவில் படியுமாறு வெட்டும், முறையை இங்கே சற்று விரிவாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். நாம் பயன்படுத்தும் 4130 குரோமோலி என்னும் கலப்பு எஃகுக் குழாய்களின் நடுப்பகுதிச் சுவர் பெரும்பாலும் 0.6 மி.மீ. கனமே உடையது, முனைகளில் 0.9 மி.மீ. வரை இருக்கும். இவ்வளவு மெல்லிய சுவரை அறுக்க, அங்குலத்திற்கு 32 பற்கள் உள்ள ஹேக்ஸா பிளேடே ஏற்றது. பெரும்பல் பிளேடு சுவரில் சிக்கிக் குழாயை நசுக்கிவிடும். வைஸில் குழாயை நேரடியாக இறுக்காமல், அதன் விட்டத்திற்குத் துளையிட்டு இரண்டாகப் பிளந்த மரக்கட்டைகளின் நடுவே வைத்து இறுக்க வேண்டும். குழாயின் நீளத்தில் நேர்கோடு போடுவதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு நேரான எல் ஆங்கிள் துண்டைக் குழாயின் மேல் கவிழ்த்து வைத்து, அதன் ஓரத்தை ஒட்டிக் கீறினால், அக்கோடு குழாயின் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். மேல் பாரின் இரு முனை மைட்டர்களும் ஒன்றுக்கொன்று திருகாமல் இருக்க அந்தக் கோடே ஆதாரம். பிறகு வெட்டுக்கோடு வரைந்த காகித அச்சைக் குழாயில் சுற்றி ஒட்டி, ஹேக்ஸாவால் இரண்டு சாய்வு வெட்டுகள் போட்டு, மீதியை அரைவட்ட அரத்தால் ராவ வேண்டும். பொருத்தவேண்டிய குழாயின் மேல் வைத்து ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்தால் இடையில் வெளிச்சக் கீற்று தெரியக்கூடாது. மதுரையிலிருந்து வந்து பயிற்சி பெற்ற உறுப்பினர் ஒருவர், டிரில்லிங் மெஷினில் ஹோல் சா என்னும் வட்ட வெட்டியைப் பொருத்தி வெட்டியதைவிடக் கையால் ராவியதில் இடைவெளி குறைவாக இருந்ததைப் பார்த்து அனைவரும் மகிழ்ந்தோம்.

பற்றவைப்புப் பயிற்சிக்கு, பழைய ரோட்ஸ்டர் பிரேம்களிலிருந்து அறுத்தெடுத்த துண்டுகளைப் பயன்படுத்தினோம். இணைப்பை நிரப்ப உருக்கும் பித்தளை ராடு ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் உருகி ஓடுகிறது. 56 சதவீத வெள்ளி ராடுக்கு 650 டிகிரியே போதும். இந்த வேறுபாட்டை மனத்தில் கொள்ளாமல் இரண்டுக்கும் சூட்டில் உலோகப் பரப்பைக் காக்கும் ஃபிளக்ஸாக வெண்காரத்தையே பூசுவோர் உண்டு. வெண்காரம் சுமார் 740 டிகிரியில்தான் உருகத் தொடங்குகிறது. ஆகவே அது பித்தளைக்கு உதவுமே தவிர, வெள்ளிப் பற்றவைப்புக்கு அதற்கென உள்ள ஃபுளோரைடு கலந்த ஃபிளக்ஸ் வேண்டும். அதன் புகை நுரையீரலுக்குத் தீங்கானது என்பதால் கதவு ஜன்னல்களைத் திறந்து வைத்தே வேலை செய்ய வேண்டும். பெடல் அச்சைத் தாங்கும் பிபி ஷெல், பின்சக்கர அச்சு பொருந்தும் டிராப் அவுட் போன்ற கனமான பாகங்களை முதலில் சூடாக்கி, மெல்லிய குழாய்க்குச் சூடு தானாக ஏறும்படி விடுவதே முறை. மூடிய குழாய்களில் காற்று விரிந்து வெளியேற ஒரு சிறு துளை அவசியம். வேலை முடிந்ததும் பிரேமைத் தண்ணீரில் முக்கக்கூடாது. 4130 எஃகு திடீரெனக் குளிர்ந்தால் கடினமாகி முறியும் தன்மையைப் பெறுகிறது. தானாக ஆறிய பின், மீந்த ஃபிளக்ஸை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்துவிட வேண்டும். பெயின்டுக்கு அடியில் அது தங்கினால் துருவுக்கு வழி வகுக்கும்.

பாதுகாப்பு பற்றிச் செயற்குழு எடுத்த முடிவுகள் கட்டாயமானவை. அசிட்டிலீன் சிலிண்டரை நிமிர்த்தியே வைக்க வேண்டும். அதன் வெளியேறு அழுத்தம் 15 பி.எஸ்.ஐ. அளவைத் தாண்டக்கூடாது. இரு ஹோஸ்களிலும் தீ பின்னோக்கிப் பாயாமல் தடுக்கும் ஃபிளாஷ்பேக் அரெஸ்டர் இல்லாத செட்டைச் சங்கப் பட்டறையில் பற்றவைக்க அனுமதியில்லை. ஆக்சிஜன் ரெகுலேட்டரில் எண்ணெய்க் கை படக்கூடாது. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பில் சுமை சைக்கிள் கட்ட விரும்புவோர், பற்றவைக்கும் இடத்தில் பூச்சை முழுவதும் நீக்கிவிட வேண்டும்; அதன் புகையால் காய்ச்சல் வரும். வீட்டுச் சமையலுக்குரிய 14.2 கிலோ சிலிண்டரைப் பட்டறைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மீண்டும் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வாண்டு கட்டி முடிக்கப்பட்ட பிரேம்களுள் ஒன்றைக் குறிப்பிடாமல் இருக்க இயலாது. ஐந்தடிக்கும் குறைவான உயரமுள்ள நம் உறுப்பினர் ஒருவருக்குக் கடைகளில் கிடைத்த பெரியவர்களுக்கான சைக்கிள்கள் எவையும் பொருந்தவில்லை. பெரிய சக்கரம் வைத்தால் திரும்பும்போது பாதம் முன்சக்கரத்தில் இடித்தது. அவர் 26 அங்குலச் சக்கரத்தைத் தேர்ந்து, அதற்கேற்ப மேல் பாரையும், ஹேண்டில்பாருக்குக் கீழுள்ள ஹெட் டியூபையும் குறுக்கி, தானே ராவித் தானே பற்றவைத்தார். நிமிர்வைச் சோதிக்க, ஒரு பக்க டிராப் அவுட்டிலிருந்து நூலை இழுத்து ஹெட் டியூபைச் சுற்றி மறுபக்க டிராப் அவுட்டில் கட்டி, சீட்டைத் தாங்கும் சீட் டியூபுக்கும் நூலுக்கும் இடைப்பட்ட தூரத்தை இருபுறமும் அளந்தோம். இரண்டும் ஒத்து வந்தன. அந்தச் சைக்கிளில் அவர் இப்போது அன்றாடம் வேலைக்குச் செல்கிறார். நமது சங்கம் இருப்பதற்கான காரணத்தை இதைவிட நன்றாக வேறு எதுவும் விளக்காது என்பது என் எண்ணம்.

லேத் வேலைகளுக்குக் கோவையில் நமக்குக் குறையில்லை. கணபதி, பீளமேடு சந்துகளில் உள்ள பட்டறைகள் சிறு வேலையையும் மறுக்காமல் செய்து தந்தன. அவற்றுக்குச் சங்கத்தின் நன்றி. ஆனால் வெளியே எளிதில் கிடைக்காதவை சில உண்டு. பிபி ஷெல்லின் மரை 1.37 அங்குலம், அங்குலத்திற்கு 24 மரை, செயின் பக்கம் இடது மரை. பற்றவைத்த சூட்டில் ஷெல் சற்றுக் கோணுவதால் மரை வெட்டும் டேப் போட்டு மரையை மீண்டும் சீர்செய்தாக வேண்டும். சீட் டியூபும் அவ்வாறே சுருங்குவதால் துளையைச் சீராக்கும் 27.2 மி.மீ. ரீமர் தேவைப்படுகிறது. ஒரு பிரேமுக்குச் சில நிமிடங்களே பயன்படும் இக்கருவிகளைத் தனித்தனியே வாங்குவது வீண் செலவு. அரம், வைஸ், நேர்விளிம்பு ஆகியவற்றை ஒவ்வொருவரும் சொந்தமாக வைத்துக்கொள்வதும், டேப் செட், ரீமர், ஹெட் டியூப் கட்டர் ஆகியவற்றைச் சங்கமே வாங்கிப் பதிவேட்டின்படி இரவல் தருவதும் பொருத்தமாக இருக்கும். ஜிக் வாங்கும் கோரிக்கையை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கச் செயற்குழு பரிந்துரைக்கிறது.

பொதுக் கருவிகள் வாங்குவதற்கான தீர்மானம் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற்றுள்ளது. உறுப்பினர்கள் விவாதித்து அதனை நிறைவேற்றித் தருமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
கோயம்புத்தூர்