முதல் காணொளி காய்ச்சலைப் பற்றியதாக இருக்கட்டும்: புற்றுநோய் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய புற்றுநோய் மருத்துவர்களுக்கும் மருத்துவமனை நிர்வாகத்தினருக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு இரண்டாவது கீமோ ஏற்றிய பத்தாம் நாள் இரவு 101 டிகிரி காய்ச்சல் கண்டது. கீமோவுக்குப் பின் 7 முதல் 14 நாள்களுக்குள், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகக் குறைந்துவிடும் என்பதும், அப்போது 100.4 டிகிரியைத் தொட்டாலே விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்பதும் நீங்கள் அறிந்தவை, நாங்கள் அறியவில்லை. உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டோம். ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொன்னார். இன்னொருவர், முள்சீத்தாப் பழம் புற்றையே கரைக்கும் என்றொரு காணொளியை அனுப்பினார். பாராசிட்டமால் கொடுத்ததும் காய்ச்சல் இறங்கியது, நிம்மதியாகப் படுத்துவிட்டோம். காலையில் நினைவு தடுமாறிய அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியபோது, இரவே ஏன் அழைத்து வரவில்லை என்று பணியிலிருந்த மருத்துவர் கேட்டார். ஐந்து நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து அம்மா மீண்டார். அந்த எச்சரிக்கை எங்கள் கோப்பிலேயே, ஆங்கிலத்தில் அச்சிட்ட தாளின் இரண்டாம் பக்கத்தில் இருந்ததை அதன் பிறகுதான் கண்டேன்.

நாளொன்றுக்கு எத்தனை பேரைப் பார்க்கிறீர்கள் என்பதை வரிசையில் உட்கார்ந்து கண்டவள் நான். உங்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால், எழுத்தறியாத என் அம்மாகூடக் கைப்பேசியில் காணொளி பார்க்கிறார். அதில் முள்சீத்தா விற்பவர் பேசுகிறார், நீங்கள் பேசுவதில்லை.

ஆகவே நான் வேண்டுவது இதுதான்: கீமோவின் பக்கவிளைவுகளை எளிய தமிழில், இரண்டு நிமிடக் காணொளிகளாக நீங்களோ உங்கள் செவிலியரோ பேசி, அவரவருக்கு ஏற்றும் மருந்துக்குத் தக்கவாறு, உரிய நாளில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டாக்சோரூபிசின் ஏற்றியபின் சிறுநீர் சிவந்தால் அது மருந்தின் நிறம் என்று சொல்லுங்கள். ஆக்சாலிபிளாட்டின் ஏற்றியவருக்குக் குளிர்ந்த நீர் பட்டாலே விரலும் தொண்டையும் கூசி மரத்துப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அவர் பயந்து அடுத்த கீமோவைக் கைவிடமாட்டார். ஒவ்வொரு காணொளியின் முடிவிலும், நள்ளிரவிலும் எடுத்துப் பேச ஆளிருக்கும் ஒரு தொலைபேசி எண் இருக்கட்டும்.

புதிய கட்டடத்தையும் புதிய ஸ்கேன் கருவியையும் காட்டுவதற்கென்றே பல மருத்துவமனைகள் முகநூல் பக்கம் நடத்துகின்றன. அதற்குச் செலவிட முடிகிறவர்களால், வீட்டில் தெர்மாமீட்டரைப் பிடித்துக்கொண்டு திகைத்து நிற்பவருக்காக இரண்டு நிமிடம் ஒதுக்க முடியாதா? கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

அம்மாவுக்கு மூன்றாவது கீமோ அடுத்த வாரம். தமிழில் பேசுங்கள், எங்கள் கைப்பேசிக்கு அனுப்புங்கள். முதல் காணொளி காய்ச்சலைப் பற்றியதாக இருக்கட்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்