நாடு கடத்தப்பட்ட கும்பல்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாடுகளில் பரவியிருக்கும் தெருக் கும்பல்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடோரின் பெருஞ்சிறையில் மொட்டைத் தலையோடு வரிசையாகக் குனிந்து உட்கார வைக்கப்பட்டிருந்த கைதிகளின் படம் எங்கள் தெருத் திண்ணைகளில் இரண்டு நாள் பேச்சாக இருந்தது. எம்.எஸ்.13 என்ற கும்பல் மத்திய அமெரிக்காவில் தோன்றி அமெரிக்காவுக்குள் நுழைந்தது என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதால்தான் இந்தக் கடிதம். நடந்தது அதற்கு நேர்மாறானது.

எல் சால்வடோரில் 1980 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அதற்குத் தப்பி லாஸ் ஏஞ்சலிஸுக்கு ஓடிவந்து, நெரிசலான வாடகைக் குடியிருப்புகளில் ஒண்டிக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் தெருமுனையில் கூடி ஹெவி மெட்டல் பாட்டுக் கேட்டுத் திரிந்த கூட்டம்தான், 1980களில் மாரா சால்வத்ருச்சா, சுருக்கமாக எம்.எஸ்., என்ற கும்பலாக இறுகியது. அதற்குப் பின்னாளில் பரம எதிரியாகிவிட்ட ‘18ஆம் தெரு’ கும்பலும் அதே நகரத்தில், 1960களில், மெக்சிக வம்சாவளி இளைஞர்களிடையே உருவானதே. எம்.எஸ்.13 என்ற பெயரில் உள்ள 13, ஆங்கில நெடுங்கணக்கின் 13ஆவது எழுத்தான ‘எம்’மைக் குறிக்கிறது, கலிஃபோர்னியச் சிறைகளை ஆட்டிவைத்த மெக்சிகன் மாஃபியாவுக்குக் கட்டுப்பட்டவர்கள் என்பதற்கு அது அடையாளம். போர் ஓய்ந்த பிறகு, அதிலும் 1996இல் குடியேற்றச் சட்டத்தை அமெரிக்கா கடுமையாக்கிய பிறகு, தண்டனை பெற்றவர்கள் ஆயிரக்கணக்கில் விமானத்தில் ஏற்றித் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கைக்குழந்தையாக அமெரிக்காவுக்குப் போன சிலருக்கு ஸ்பானிஷ் மொழியே சரளமாக வராது. போய் இறங்கிய இடத்தில் வேலை இல்லை, தெரிந்த முகம் இல்லை. கும்பலின் பெயர் மட்டும் கையில் இருந்தது.

இரண்டாவது தவறான எண்ணம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எளிதில் வரக்கூடியது. பல நாட்டில் கிளை என்றாலே எங்களுக்குக் கடல் கடந்த லேவாதேவிக் கடைகள்தாம் நினைவுக்கு வரும். முதலாளி தேவகோட்டையில் இருப்பார். ரங்கூனிலோ பினாங்கிலோ மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று வரிசை இருக்கும். ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கு தவறாமல் ஊருக்கு வந்து சேரும். கும்பல்களையும் அப்படியே கற்பனை செய்துகொள்கிறோம். எம்.எஸ்.13 உண்மையில் ‘கிளிக்கா’ எனப்படும் சிறு சிறு வட்டாரக் கூட்டங்களின் தொகுப்பு. எல் சால்வடோரில் சிறைக்குள்ளிருந்து ஆணை பிறப்பித்த தலைவர்கள் இருந்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அமெரிக்காவில் உள்ள கிளிக்காக்கள் பெரும்பாலும் தத்தம் போக்கில்தான் நடந்தன. விலாசம், அதாவது கடைப் பெயர், ஒன்று; முதலாளி ஒருவரல்லர் என்றால் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும்.

கோடி கோடியாகப் போதைப்பொருள் பணத்தில் புரள்கிறார்கள் என்பதும் அப்படிப்பட்ட கற்பனைதான். எல் சால்வடோரின் எல் ஃபாரோ இதழும் நியூயார்க் டைம்ஸும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட புலனாய்வின்படி, எல் சால்வடோரில் எம்.எஸ்.13இன் ஆண்டு வருமானம் சுமார் 3.1 கோடி டாலர். ஏறத்தாழ 40,000 உறுப்பினர்களுக்கு அதைச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு மாதம் 65 டாலர் வரும். அந்தப் பணமும் பேருந்துக்காரர், பெட்டிக்கடைக்காரர், சந்தையில் காய் விற்கும் பெண் ஆகியோரிடம் ‘வாடகை’ என்ற பெயரில் மிரட்டிப் பிடுங்கியது. ஏழையை ஏழை சுரண்டிய இந்தக் கொடுமையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லவில்லை. மறுத்தவர்களைக் கொன்றார்கள்.

இரும்புக்கரம் ஒன்றே மருந்து என்று கட்டுரை முடிகிறது. அந்தக் கரம் எல் சால்வடோரில் 2003இலேயே நீட்டப்பட்டது. அப்போதைய அதிபர் பிரான்சிஸ்கோ புளோரெஸ், பச்சை குத்திய இளைஞர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடிக்கச் செய்தார். பிறகு மோதலைத் தவிர்ப்பதற்காக ஒவ்வொரு கும்பலுக்கும் தனிச் சிறை ஒதுக்கப்பட்டபோது, அந்தச் சிறைகளே கும்பல்களின் தலைமையகங்கள் ஆயின. 2012இல் கும்பல்களுக்கிடையே ஏற்பட்ட சமரசத்தில் கொலைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அது முறிந்த பின் 2015இல் மட்டும் 6,600க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 2022 மார்ச்சில் அதிபர் புக்கேலே அறிவித்த நெருக்கடி நிலைக்குப் பிறகு கொலைகள் பெருமளவு குறைந்திருக்கின்றன. இதை மறைப்பது நேர்மையாகாது. 80,000க்கும் மேற்பட்டோர் பிடிக்கப்பட்டதையும், அவர்களில் 8,000 பேர் குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டதாக அவரே சொன்னதையும் மறைக்காமல் எழுதியிருக்கலாம்.

எங்கோ நடப்பதற்கு இங்கிருந்து ஏன் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்று தாங்கள் கேட்கலாம். மலேசிய உள்துறை அமைச்சகம் 2013 ஆகஸ்டில் சட்டவிரோதமானவை என்று அறிவித்த 49 கும்பல்களில் இருந்த சுமார் 40,000 பேரில், ஏறத்தாழ 71 விழுக்காட்டினர் இந்தியர்கள் என்று கணக்குக் காட்டப்பட்டது. அந்நாட்டு மக்கள்தொகையில் இந்தியர்கள் 7 விழுக்காட்டை ஒட்டியே இருப்பவர்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 04, 08, 36 என்று எண்களால் அறியப்படும் அந்தக் கும்பல்களின் வேர் பழைய சீன இரகசியச் சங்கங்களில் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து யாரும் அவற்றைக் கப்பலேற்றவில்லை. ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் செம்பனை எனப்படும் எண்ணெய்ப்பனைக்கும் வீட்டுமனைகளுக்கும் கைமாறியபோது, ரப்பர் மரத்தில் பால் எடுத்த குடும்பங்கள் குடியிருப்பு, பள்ளி, கோயில் மூன்றையும் ஒருசேர இழந்து நகரங்களின் ஓரங்களுக்குத் தள்ளப்பட்டன. அந்த ஓரங்களில்தான் பையன்கள் கும்பலுக்குக் கிடைத்தார்கள். வராக் கடனுக்கு ஈடாக வந்த தோட்டங்கள் எங்கள் செட்டிநாட்டுப் பெயர்களிலும் ஒரு காலத்தில் இருந்தன என்பதால், இந்தக் கதையை நாங்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்க இயலாது.

சென்ற ஆண்டு சிவராத்திரிக்கு, மலேசியாவின் கிள்ளானிலிருந்து எங்கள் உறவில் ஒரு பையன் குலதெய்வக் கோயிலுக்கு வந்திருந்தான். மாடு போல உழைத்துப் பட்டறையில் லாரி பழுது பார்க்கிறவன். முழங்கையில் வேல் பச்சை குத்தியிருந்தான். படைப்புச் சாப்பாட்டுப் பந்தியில் அவன் பக்கத்து இலையில் உட்காரத் தயங்கி இருவர் எழுந்து போனார்கள். மத்திய அமெரிக்கக் கும்பல்களில்கூட, போலீசுக்கு எளிதில் அடையாளமாகிறது என்பதால் புதிதாகச் சேர்வோர் பச்சை குத்திக்கொள்வதைப் பெரிதும் விட்டுவிட்டார்கள் என்று அன்று அவர்களுக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கட்டுரை தொடரும் என்று போட்டிருக்கிறீர்கள். அடுத்த பகுதியிலாவது எம்.எஸ்.13 பிறந்த ஊர் லாஸ் ஏஞ்சலிஸ் என்று ஒரு திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்,
தேவகோட்டை