பூட்டிய வீடும் கட்டிப்போட்ட நாயும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்று தொடர் விடுமுறை வந்துவிட்டால் சமவெளியிலிருந்து வண்டிகள் மலையேறுவதும், ஊட்டி, குன்னூர் சாலைகள் திணறுவதும் ஆண்டுதோறும் தங்கள் நாளிதழில் செய்தியாகின்றன. அதே நாட்களில் நீலகிரிவாசிகளான நாங்களும் குடும்பத்தோடு காரில் மைசூருக்கும் குருவாயூருக்கும் ராமேசுவரத்துக்கும் இறங்கிவிடுகிறோம். அப்போது வீட்டில் விட்டுச்செல்லப்படும் நாய், பூனைகளின் பாடு என்னவாகிறது என்பதைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

கோத்தகிரி சுற்றுவட்டாரத்தில் பல வீடுகளில் வழக்கம் இதுதான். கிளம்பும் அன்று விடியற்காலையில் நாயை வாசல் தூணில் சங்கிலியால் கட்டி, ஒரு சட்டி நிறைய சாதமும் ஒரு வாளித் தண்ணீரும் வைத்துவிட்டு, வீட்டுக்கும் காவலாயிற்று என்ற நிம்மதியோடு வண்டியைக் கிளப்பிவிடுகிறார்கள். நாய் தூணையே சுற்றிச் சுற்றி வந்து, சங்கிலி ஒரு சாண் நீளத்துக்குச் சுருண்டுபோய், இரண்டடி தள்ளியிருக்கும் வாளிக்கு வாய் எட்டாமல் நிற்பதை அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தாம் பார்க்க வேண்டியிருக்கிறது. கேட் பூட்டியிருப்பதால் உள்ளே போய் அவிழ்த்துவிடவும் வழியில்லை.

சமவெளியில் இது கொடுமை என்ற அளவில் நின்றுவிடும். எங்கள் மலையிலோ, சிறுத்தைக்கு இரையைக் கட்டிவைத்துவிட்டுப் போவதாகவே முடியும். தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய குடியிருப்புகளில் இரவு நேரத்தில் சிறுத்தை மதில் தாண்டி வந்து நாயைக் கவ்விச் செல்லும் கண்காணிப்பு கேமராப் பதிவுகளை நாம் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். ஆள் இருக்கும் வீட்டில் விளக்கு எரியும், பேச்சரவம் கேட்கும், நாய் குரைத்தால் கதவு திறக்கும். பூட்டிய வீட்டில் இவை எதுவும் இல்லை. அவிழ்த்துவிட்ட நாயாவது ஓடித் தப்பப் பார்க்கும், கட்டிய நாய்க்கு அதற்கும் வழியில்லை. சுலபமாக இரை கிடைத்த வாசலைச் சிறுத்தை மறப்பதும் இல்லை என்பதால், இதை அந்த ஒரு வீட்டுக்காரரின் சொந்த விவகாரம் என்று தள்ளிவிட முடியாது. அந்தத் தெருவில் மாலையில் விளையாடும் குழந்தைகளும் இதில் அடக்கம். சட்டியில் மிஞ்சிய சோற்றுக்குக் காட்டுப்பன்றி வருவதையும், எண்ணெய்க்காகக் கோயில் கதவையும் கடைக் கதவையும் உடைத்துப் பழகிய கரடிகள் மோப்பம் பிடித்து வருவதையும் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நாம் ஊருக்குப் போகும் காலமும் பார்த்துப் பார்த்து அமைந்ததுபோல மோசமானது. தீபாவளி வடகிழக்குப் பருவமழையோடு வருகிறது. 2009 நவம்பரில் பெய்த மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் நிலச்சரிவில் உயிரிழந்ததையும், சாலைகள் நாட்கணக்கில் அடைபட்டுக் கிடந்ததையும் இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய நாளில் மேட்டுப்பாளையம் வரை வந்துவிட்டவர்கூட வீடு வந்து சேர முடியாது. பொங்கல் விடுமுறையிலோ உறைபனி. வாசலில் வைத்த தண்ணீரின் மேல் காலையில் பனிக்கட்டி படர்ந்திருக்கும் ஊரில், வெறும் சிமெண்டுத் தரையில் ஒரு சாக்குகூட இல்லாமல் இரவைக் கழிப்பது நாய்க்கும் சாத்தியமில்லை. மைசூருக்குப் போகிறவர்களுக்கு வேறொரு தடை உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்து இல்லை. பிருந்தாவனத்தில் அரை மணி நேரம் கூடுதலாக நின்றுவிட்டால் குண்டலுப்பேட்டையிலேயே இரவைக் கழிக்க வேண்டியதுதான். 'இன்று இரவே வந்துவிடுவோம்' என்று கணக்குப் போட்டு வைத்த சோறு, அடுத்த நாள் மதியம்வரை தாங்க வேண்டும்.

கூடவே கூட்டிப்போய்விட்டால் ஆயிற்று என்பார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் மனிதர்களே வாந்தி எடுக்கிறோம், நாய் எடுக்காதா? அதுகூடப் பரவாயில்லை. மலைக் குளிருக்குப் பழகிய, அடர்ந்த ரோமமுள்ள நாயைச் சமவெளி வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் அடைத்துவிட்டுச் சாப்பிடப் போனால், பத்து நிமிடத்துக்குள் உள்ளே வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறிவிடும். நாய் வியர்த்துத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும் பிராணி அல்ல. வெப்பத் தாக்குதலில் சுருண்டுவிடும்.

ஆகவே பெரும்பாலான நாய்களுக்கு வீட்டிலேயே இருப்பதுதான் நல்லது. ஆனால் வீட்டுக்குள்ளே, ஆள் துணையோடு. நம்பிக்கையான ஒருவர் கையில் சாவியைக் கொடுத்து, காலையும் மாலையும் வந்து சோறு வைத்து, சற்று உலவவிட்டு, இருட்டுவதற்குள் உள்ளே விட்டுத் தாழ்போடச் சொல்ல வேண்டும். முடிந்தால் இரவு அங்கேயே படுத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஒரு வாரம் முன்பே அவரை நாய்க்குப் பழக்கிவிடுவது அவசியம். அவருக்குக் கூலி கொடுப்பதில் கூச்சமோ கஞ்சத்தனமோ வேண்டாம். பூனை இடத்தைவிட்டு நகர விரும்பாது என்பது உண்மையே. ஆனாலும் தினமும் ஒருவர் வந்து அது சாப்பிட்டதா என்று பார்த்தாக வேண்டும், இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் கிடக்கும் பூனைக்குக் கல்லீரல் பாதிக்கப்படும் அபாயம் உண்டு. பராமரிப்பு விடுதியில் விடுவதானால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். மதில் தாண்டும் சிறுத்தை மேலிருந்து இறங்கிவிடலாம் என்பதால், நம் ஊர் விடுதியில் கூண்டின் பக்கங்களைவிட மேற்கூரையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். தடுப்பூசி அட்டையைக் கேட்காமல் நாயைச் சேர்த்துக்கொள்ளும் விடுதியைத் தவிர்ப்பது நலம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமற்ற நேரம் குட்டையான சங்கிலியில் கட்டிவைப்பதையும், போதிய உணவும் நீரும் தங்குமிடமும் தராததையும் குற்றமாகவே சொல்கிறது. முதல் குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை! இன்றைக்கு ஐம்பது ரூபாய்க்கு யார் அஞ்சுவார்கள்? அதைத் திருத்துவது நாடாளுமன்றத்தின் வேலை. அதற்குக் காலம் பிடிக்கும்.

மாவட்ட நிர்வாகம் உடனே செய்யக்கூடியவை உண்டு. நகராட்சிகளும் பேரூராட்சிகளும் செல்லப்பிராணி விடுதிகளைப் பதிவு செய்து, கால்நடை மருத்துவர் பார்வையிட்டவற்றின் பட்டியலை அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பூட்டிய வீட்டில் நாய் கட்டிக்கிடப்பதாக அக்கம்பக்கத்தார் தகவல் தந்தால் யார் வந்து அவிழ்ப்பது, யாரிடம் அனுமதி பெறுவது என்பதை காவல், வனம், கால்நடை பராமரிப்புத் துறைகள் கலந்து பேசி முடிவுசெய்து ஓர் எண்ணை அறிவிக்கலாம். நோயுற்ற கால்நடைகளுக்கு 1962 என்ற எண் இருப்பதுபோல இதற்கும் ஒன்று வேண்டும். வரும் தீபாவளிக்கு முன்பாக அது அறிவிக்கப்பட வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர்,
கோத்தகிரி.